ஒன்பது வயதில் பிளாக் பெல்ட்: கையெழுத்துப் போடலாமா?

பத்து நாட்களாக அந்த விண்ணப்பப் படிவம் ஃபிரிட்ஜின் மேல், இ.பி. அட்டைக்கு அடியில் கிடக்கிறது. பெயர், பிறந்த தேதி, இரத்த வகை எல்லாவற்றையும் மகளே எழுதிவிட்டாள். பாஸ்போர்ட் அளவுப் படமும் ஒட்டியாயிற்று. பெற்றோர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் போட்டுக் கொடுத்தால் ஜூன் மாதம் கராத்தே பிளாக் பெல்ட் தேர்வில் நிற்பாள். அன்றைக்கு அவளுக்கு ஒன்பது வயதும் இரண்டு மாதமும் ஆகியிருக்கும்.

வீட்டில் மற்றவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை. நாத்தனார் மகன் எட்டு வயதிலேயே வாங்கிவிட்டான். அவர்கள் தெருமுனையில் அதற்கு பிளெக்ஸ்கூட வைத்தார்கள். “நான்கு வருடம் வெயிலிலும் மழையிலும் கொண்டுபோய் விட்டது எதற்கு?” என்று மாமியார் கேட்கிறார். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டது நான் என்பதால் அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. கராத்தேமீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறாள், திட்டினால் உடனே அழுவதில்லை, வரிசையில் நிற்கத் தெரிகிறது. தயக்கமெல்லாம் அந்தக் கறுப்பு நிறத்தில்தான்.

எனக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இப்போதே தேர்வுக்கு அனுப்பலாம். சிறுவர்களுக்கென்று சில இடங்களில் இருக்கும் ‘ஜூனியர்’ பிளாக் பெல்ட்டை வாங்கச் சொல்லலாம். கறுப்புக்கு முந்தைய படியான பிரௌன் பெல்ட்டிலேயே சில ஆண்டுகள் வைத்திருக்கலாம். அல்லது பெல்ட்டே இல்லாத, இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் கொடுக்காத வேறொரு கலையில் சேர்க்கலாம். இதே படிவம் வேறு வீடுகளிலும் கிடக்கும் என்பதால், விசாரித்ததையும் பார்த்ததையும் எழுதிவைக்கிறேன்.

முதலில், ஒன்பது வயதில் பிளாக் பெல்ட் எப்படிச் சாத்தியமாகிறது என்ற கணக்கு. எங்கள் வகுப்பில் வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் பத்துப் படிகள், நான்கு மாதத்துக்கு ஒரு தேர்வு. ஆக நாற்பது மாதம். ஐந்து வயதில் சேர்ந்த குழந்தை, அம்மை போட்டது, அரையாண்டுத் தேர்வு குறுக்கே வந்தது என்று இரண்டு பெல்ட் தேர்வைத் தவறவிட்டாலும் ஒன்பது வயதில் உச்சிப்படிக்கு வந்துவிடும். இதில் மாஸ்டர் யாரையும் ஏமாற்றவில்லை. 22 வயதில் வந்து சேரும் பொறியாளருக்கும் அதே நாற்பது மாதம்தான். ஏணியைப் பெரியவர்களுக்காகக் கட்டினார்கள்; ஏறத் தொடங்கும் வயது மட்டும் இறங்கிக்கொண்டே வந்துவிட்டது.

அந்த ஏணியும் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதில்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883இல்தான் தன் மாணவர் இருவருக்கு முதல் ‘டான்’ என்ற தேர்ச்சித் தரத்தைக் கொடுத்தார். ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கும் முறையிலிருந்து அதை எடுத்துக்கொண்டார். கறுப்புப் பெல்ட் அதற்கும் சில ஆண்டுகள் கழித்து வந்தது. கராத்தே பிறந்த ஒகினாவா தீவில் அந்தக் காலத்தில் அதைப் பழகியவர்களுக்குப் பெல்ட்டே கிடையாது. கராத்தேயை ஜப்பானின் மற்ற பகுதிகளுக்குக் கொண்டுபோன கிச்சின் ஃபுனாகோஷி, கானோவின் முறையைப் பார்த்து, 1924இல் முதன்முதலாகக் கராத்தேயில் டான் வழங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்ற வண்ண வரிசை 1920களிலும் 30களிலும் லண்டன், பாரிஸ் ஜூடோ வகுப்புகளில் வளர்ந்தது. அடிக்கடி ஏதாவது கையில் கிடைக்காவிட்டால் ஆட்கள் நின்றுவிடுவார்கள் என்பது அன்றைக்கும் தெரிந்த சங்கதிதான் போலிருக்கிறது.

முதல் டானுக்குப் பெயர் ஷோடான். தொடக்கப் படி என்று பொருள். நம் ஊரில் அதற்குக் கிடைத்திருக்கும் வினைச்சொல்லோ ‘முடித்தல்’. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தாயிற்று, இந்தி பிரவேசிகா முடித்தாயிற்று, அதே வரிசையில் கராத்தேயும் முடித்தாயிற்று. எங்கள் வகுப்பில் கடந்த மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு வயதுக்குள் கறுப்பு வாங்கியவர்கள் ஏழு பேர். இன்றைக்கும் வருகிறவர்கள் இரண்டு பேர். நின்றுபோன ஐந்து பேரின் வீட்டிலும் காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “அவன்தான் முடித்துவிட்டானே.” பரதநாட்டியத்திலும் இதே கதை. அரங்கேற்றம் என்றால் அரங்கில் ஏறுவது. பல வீடுகளில் அது அரங்கைவிட்டு இறங்கும் நாளாக இருக்கிறது. சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில்தான் மன்னன் முன்னால் ஆடினாள். அவளுக்கும் அவசரப்படுத்தும் உறவினர்கள் இருந்திருப்பார்கள்.

இப்போதே அனுப்புவது என்ற வழிக்கு வருகிறேன். போன டிசம்பரில் இந்தத் தேர்வை நேரில் பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபம். மேடையில் முந்தைய நாள் வரவேற்பின் தெர்மாகோல் எழுத்துகளில் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. தொடங்குவதற்கு முன் அப்பாக்கள் குனிந்து பிள்ளைகளுக்குப் பெல்ட் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் பெல்ட் தேர்வுக்கு வந்த குழந்தைக்குத் தன் பெல்ட்டைத் தானே கட்டத் தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை.

கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை, செய்தபோது மெய்சிலிர்த்தது, அதை மறைக்க மாட்டேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி ஒவ்வொரு திருப்பத்திலும் குதிகால் தரையைவிட்டு எழாமல் திரும்பினாள். பெரியவர்கள் பலருக்கு வராத சுத்தம். அடுத்து குமித்தே, அதாவது எதிராளியோடு மோதும் சண்டை. வயது தெரிந்தது அங்கேதான். அடி வாங்கிய அதிர்ச்சியில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தில் அம்மா எங்கே என்று தேடினார்கள். கடைசியாக ஓடு உடைத்தல். ஒன்பது, பத்து வயதிருக்கும் ஒரு பையன் சீமை ஓட்டின் மேல் மூன்று முறை கையை இறக்கினான். உடையவில்லை. உதவிக்கு நின்ற சீனியர் மாணவர் ஓட்டைத் திருப்பிவைத்து, அதைத் தாங்கிய செங்கற்களை இன்னும் கொஞ்சம் அகட்டிவைத்தார். நான்காவது அடியில் உடைந்தது. மண்டபமே கைதட்டியது. பையன் சிரித்துக்கொண்டே நின்றான்; கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் அது என் கண்ணில் பட்டது.

குழந்தைகளின் எலும்பு நுனிகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 13 முதல் 15 வயதிலும், பையன்களுக்கு 15 முதல் 17 வயதிலும் அது இறுகி எலும்பாகிவிடும். அதுவரை அந்த இடம்தான் மூட்டில் பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்கோடு போகும் அடி, குழந்தைக்கு அங்கே முறிவாக முடியலாம். ஓடு உடைப்பதும், தரையில் முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுப்பதும், சாதனை என்ற பெயரில் பிஞ்சு விரல்கள் மேல் பைக் ஏற்றுவதும் எனக்கு ஒப்பாதது இதனால்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல் வெளியிட்ட அறிக்கை, தற்காப்புக் கலைகளால் வரும் நன்மைகளை ஒப்புக்கொண்டே, எதிராளியைத் தொடாமல் செய்யும் பயிற்சிகளில் ஆபத்து குறைவு என்கிறது. தலையில் அடி விழும் முறைகளைப் பற்றி எச்சரிக்கிறது.

இருந்தாலும் நியாயமாகப் பேச வேண்டும். இது ஓட்டின் மேல் உள்ள குறை, பெல்ட்டின் மேல் உள்ள குறையாகாது. மாஸ்டரிடம் கேட்டேன். மகள் ஓடு உடைக்க வேண்டாம், கட்டாவும் குமித்தேயும் போதும் என்று அவர் உடனே சொல்லிவிட்டார். என்னிடம் இருந்த பலமான காரணம் அத்தோடு போயிற்று.

அடுத்ததும் சின்னக் காரணமில்லை. என் மகளின் எடை 26 கிலோ. அவளுடைய குத்து, அதே எடையுள்ள இன்னொரு குழந்தையிடம் எடுபடும். வளர்ந்த ஆள் ஒருவர் கையைப் பிடித்தால், கத்திக்கொண்டு ஓடுவதுதான் அவளுக்கு உள்ள ஒரே உபாயம். இது அவளுக்கே தெரியும், தெரியாதது எங்களுக்குத்தான். படிவம் வந்த அன்றே, “இனிமேல் டியூஷனுக்குத் தனியாகவே போய்வரலாம்” என்று மாமியார் சொன்னார். பிளாக் பெல்ட் குழந்தையை மாற்றுகிறதோ இல்லையோ, சுற்றியிருக்கும் பெரியவர்களின் கவனத்தைத் தளர்த்திவிடுகிறது.

பிற்காலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே எடுபடுவது போட்டிகளில் கலந்துகொண்ட சான்றிதழும் பதக்கமும். அந்தப் போட்டியை நடத்திய அமைப்புக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். பெல்ட் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம்.

இப்போதே அனுப்பலாம் என்பதற்குப் பலமான காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவளுக்கு வேண்டும். கூடச் சேர்ந்த மூன்று பேரும் தேர்வில் நிற்கிறார்கள். உழைத்தவள் கேட்கிறாள். இதை அற்பமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஜூனியர் பெல்ட் என்ற இரண்டாவது வழியைக் கொரியர்கள்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். சியோலில் 1972இல் திறந்த குக்கிவான், டேக்வாண்டோவின் தலைமையிடம். அது 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டான் கொடுப்பதில்லை; ‘பூம்’ என்ற தரத்தைக் கொடுக்கிறது. பெல்ட் நீளவாக்கில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. சீருடையின் கழுத்துப் பட்டையிலும் அதே இரண்டு நிறங்கள். 15 வயதானதும் விண்ணப்பித்து பூமை டானாக மாற்றிக்கொள்ளலாம். உழைப்புக்கு மரியாதை கிடைக்கிறது, வயதைப் பற்றிப் பொய்யும் இல்லை. டேக்வாண்டோவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சர்வதேசப் போட்டிகளில் 12 முதல் 14 வயதுள்ள கேடட் பிரிவில் இறங்குவதற்கே பூம் சான்றிதழ் வேண்டும். ஆகவே உங்கள் குழந்தை டேக்வாண்டோவில் போட்டிக்குப் போகும் எண்ணத்தோடு இருந்தால் என் தயக்கமெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது; உரிய காலத்தில் பூம் வாங்கச் சொல்லுங்கள். சான்றிதழ் மட்டும் உண்மையில் குக்கிவானிலிருந்து வருகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கராத்தேயில் அப்படி ஒரே தலைமையிடம் கிடையாது. ஒவ்வொரு பாணிக்கும் ஒரு சட்டம். சில இடங்களில் கறுப்பின் நடுவே வெள்ளைக் கோடு ஓடும் ஜூனியர் பெல்ட் கொடுத்து, பதினாறு வயதில் மறுபடி தேர்வு வைக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. எங்கள் வகுப்பில் விசாரித்தபோது, ஜூனியர் என்ற சொல் சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், மறுதேர்வு கிடையாது, கட்டணம் மட்டும் அதேதான் என்று தெரிந்தது. பொடி எழுத்து பிளெக்ஸில் வராது என்பது நமக்குத் தெரியாதா?

காத்திருப்பதைப் பற்றிக் கேட்கும்போது முதலில் ஜூடோக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். ஜூடோவின் தலைமையிடமான கோடோகானில் ஷோடானுக்குக் குறைந்தபட்ச வயது 14. அதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. கழுத்தை இறுக்கும் பிடியும் முழங்கை மூட்டைப் பூட்டும் பிடியும் ஜூடோவின் அங்கங்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் போட்டிகளில் இரண்டுக்கும் தடை. பாடத்தில் பாதியைப் பாதுகாப்புக்காகப் பூட்டிவைத்திருக்கும்போது, முழுப் பாடமும் தெரிந்ததாக எப்படிச் சான்று கொடுப்பது? பிரேசிலிய ஜியுஜிட்சுவில் இன்னும் கெடுபிடி. அதன் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி 15 வயதுவரை வெள்ளை, சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை ஆகியவைதான். நீலம் 16இல் தொடங்கும். 19 வயதுக்கு முன் கறுப்பு கிடையவே கிடையாது. ஐந்து வயதில் சேர்ந்த குழந்தை பதினான்கு ஆண்டுகள் கறுப்பைத் தொடாமல் பழகுகிறது. யாரும் குறைந்துபோய்விடவில்லை.

ஆனால் அங்கே எல்லோரும் காத்திருக்கிறார்கள். இங்கே என் மகள் மட்டும் காத்திருக்க வேண்டும். தோழிகள் கறுப்பு கட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்க, இவள் பிரௌனோடு பின்னால் நின்றால், அது ஃபெயிலானவளை அதே வகுப்பில் உட்காரவைத்த மாதிரி இருக்கும். வெறுமனே காலம் கடத்துவதற்காகக் காத்திருக்கச் சொன்னால் ஆறே மாதத்தில் வெறுத்துவிடுவாள். ஆகவே மாஸ்டரிடம் போய், தேர்வுக்கு அனுப்பாவிட்டால் அடுத்த ஆண்டு முழுவதும் இவளுக்கு என்ன சொல்லித் தருவீர்கள் என்று கேட்டேன். பிளாக் பெல்ட் வாங்கினால் அதற்கடுத்த ஆண்டு என்ன என்றும் கேட்டேன். இரண்டாவது கேள்விக்கு அவர் சிறிது நேரம் பேசவில்லை. டீ வரவழைத்தார். “இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை மேடம்” என்றார்.

பிறகு மனம் விட்டுப் பேசினார். மொட்டை மாடிக்கு வாடகை, இரண்டு உதவியாளர்களுக்குச் சம்பளம். மாதக் கட்டணம் 700 ரூபாயில் அது கட்டுப்படியாகாது. தேர்வுக் கட்டணம்தான் வகுப்பைத் தூக்கி நிறுத்துகிறது. மாதக் கட்டணத்தை 1,000 ஆக்கினால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், அதே பெற்றோர் பிளாக் பெல்ட் தேர்வுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் மறுபேச்சில்லாமல் கட்டுவார்கள் என்றார். பெல்ட்டைக் கடையில் விற்பது போல விற்கிறார்கள் என்று திட்டுவது சுலபம். வாங்குகிறவர்கள் நாம்தான்.

மறுவாரம் அவரே கூப்பிட்டு ஒரு திட்டம் சொன்னார். தேர்வுப் பாடத்துக்கு அப்பால் இரண்டு கட்டா கற்றுத் தருவார். நவம்பரில் மாநிலப் போட்டிக்குத் தயார் செய்வார். அங்கே பிரிப்பது வயதையும் எடையையும் வைத்து என்பதால் பிரௌன் பெல்ட் தடையில்லை. சனிக்கிழமைகளில் வெள்ளைப் பெல்ட் வாண்டுகள் வரிசைக்கு அவள் துணை நிற்பாள். தேர்வு, ஒன்பதாம் வகுப்பு முடிந்த பிறகு. இப்படி ஒரு திட்டம் உங்கள் மாஸ்டரிடமிருந்து வராவிட்டால், காத்திருக்கச் சொல்வது குழந்தைக்குத் தண்டனைதான். அதைவிடத் தேர்வுக்கு அனுப்பிவிடுவது மேல்.

வேறு கலைக்கு மாறுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தெருவிலேயே சிலம்பம் இருக்கிறது. அங்கே தரத்தைக் காட்டப் பெல்ட் இல்லை. ஆசானுக்குக் காலடியைப் பார்த்தாலே எத்தனை வருடப் பழக்கம் என்று தெரிந்துவிடும். கம்பு அவரவர் நெற்றி உயரம். பிள்ளை வளர வளரப் புதுக் கம்பு. (அங்கும் சில சங்கங்கள் பெல்ட் கட்டத் தொடங்கியிருக்கின்றன, என்ன சொல்ல.) 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, மாநில அரசு வேலைகளுக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. இன்னும் எதிலும் சேராத ஐந்து வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் நான் முதலில் அங்கேதான் அழைத்துப்போவேன். நான்கு வருடம் கட்டா பழகிய உடம்பை, பெல்ட் பிடிக்கவில்லை என்பதற்காகப் பிடுங்கி நடுவதில் எனக்கு விருப்பமில்லை.

கையெழுத்துப் போடவில்லை. போன புதன்கிழமை மகளிடம் சொன்னேன். அழுதாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை; ஸ்கூட்டரில் இடுப்பைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஐந்து ஆண்டுகள் என்பது அவள் வயதில் பாதிக்கும் மேல். நடுவில் கராத்தேயே வேண்டாம் என்று அவள் போய்விடக்கூடும் என்பதும் எனக்குத் தெரியும். மாமியாரின் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இருக்காது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியனின் வெள்ளைப் பெல்ட் அவிழ்ந்து காலில் சுற்றிக்கொண்டது. இவள் முட்டி போட்டு உட்கார்ந்து கட்டிவிட்டாள். இரண்டு முனையும் ஒரே நீளமாக இல்லை என்று அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அவன் அதற்குள் பொறுமை இழந்து ஓடப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜின் மேலிருந்து படிவத்தை எடுத்து, ஒட்டியிருந்த பாஸ்போர்ட் படத்தைக் கிழியாமல் உரிக்க ஆரம்பித்தாள். நவம்பர் போட்டி விண்ணப்பத்தில் ஒட்டிக்கொள்ளலாமாம். புதிதாக ஒரு படம் எடுக்கப் பணம் எதற்கு என்கிறாள்.